பிளாஸ்டிக் குடத்துக்கு ஏன் இன்னும் பித்தளைக் குடத்தின் உருவம்?

வரைபலகை

பொருள் வடிவமைப்பு படிக்கிறேன். இந்தப் பருவத்துக்கான வேலையாக வீட்டுப் பொருள் ஒன்றை எடுத்து அலச வேண்டும். நான் எடுத்திருப்பது பிளாஸ்டிக் குடம்.

பிளாஸ்டிக்கை எந்த உருவத்துக்கும் கொண்டுவரலாம். சதுரமாகச் செய்யலாம், கைப்பிடி வைக்கலாம், திருகு மூடி போடலாம். இவ்வளவு வசதி இருந்தும் தெருக்குழாயடியில் நிற்பதெல்லாம் பாட்டி காலத்துப் பித்தளைக் குடத்தின் நகல்தான். அகன்ற வயிறு, ஒடுங்கிய கழுத்து, வெளியே விரிந்த வாய். சிலவற்றில் பித்தளைக் குடத்தின் தோளில் ஓடும் வளையக் கோடுகள்கூட அப்படியே இருக்கின்றன.

"வடிவம் பயனைப் பின்தொடரும்" என்று முதல் வகுப்பிலேயே சொல்லிவிடுகிறார்கள். மண், பித்தளை, எவர்சில்வர், பிளாஸ்டிக் என்று பொருள் மாறிக்கொண்டே வந்தும் உருவம் நகரவில்லை என்றால் பயன் அப்படியே இருக்கிறது என்று அர்த்தமா, இல்லை வெறும் பழக்கமா? குடம் தூக்கியவர்கள், செய்தவர்கள், விற்றவர்கள் யாராவது சொல்லுங்கள்.

நான்காம்_கியர்

பழக்கம்தான், வேறென்ன. முதலில் வந்த பிளாஸ்டிக் குடத்தை மக்கள் நம்பி வாங்க வேண்டுமென்றால் அது குடம் மாதிரி இருந்தாக வேண்டும். அப்புறம் அதையே எல்லோரும் பிடித்துக்கொண்டார்கள். நீங்கள் சொன்ன அந்த வாசகம் லூயி சல்லிவன் என்ற சிகாகோ கட்டடக்கலைஞர் 1896இல் உயரமான அலுவலகக் கட்டடங்களைப் பற்றி எழுதியது. குடத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

வேலையை மட்டும் பார்த்துச் செய்த பாத்திரம் வேண்டுமானால் ஜெர்ரி கேனைப் பாருங்கள். 1930களில் ஜெர்மானிய ராணுவத்துக்காக எரிபொருள் சுமக்கச் செய்தது. 20 லிட்டர். மேலே மூன்று கைப்பிடிக் கம்பிகள். ஒருவர் தூக்கினால் நடுக்கம்பி, இருவர் தூக்கினால் ஆளுக்கொரு ஓரக்கம்பி, காலி கேன் என்றால் இரண்டு கேன்களின் ஓரக்கம்பிகளைச் சேர்த்து ஒரே கையில் பிடிக்கலாம். பக்கவாட்டில் அழுத்தியிருக்கும் குறுக்குக் கோடு தகட்டுக்கு விறைப்புக் கொடுக்கும், வெயிலில் உள்ளே இருப்பது விரிந்தால் இடமும் கொடுக்கும். வட ஆப்பிரிக்கப் போரில் பிரிட்டிஷ்காரர்களின் தகர டின்கள் ஒழுகித் தள்ளின. கையில் கிடைத்த ஜெர்மானியக் கேனைப் பார்த்து அப்படியே நகலெடுத்தார்கள். உகாண்டா, கென்யா பக்கம் இன்றைக்கும் தண்ணீர் எடுப்பது மஞ்சள் பிளாஸ்டிக் ஜெர்ரி கேனில். சிந்தாது, மூடலாம், அடுக்கலாம். நாம் மட்டும் ஏன் வாயைத் திறந்துவைத்த குடத்தோடு அலைகிறோம்?

கடலாடிக்காரி

ராமநாதபுரம் மாவட்டம். குடம் தூக்கியவர்களைக் கேட்டீர்கள், அதனால் எழுதுகிறேன்.

நான்காம் கியர் அண்ணன் ஜெர்ரி கேனை இடுப்பில் வைத்துப் பார்த்திருக்கிறாரா? தட்டையான பக்கம் இடுப்பெலும்பில் உட்காராது, வழுக்கும். கையில் தொங்கவிட்டால் நடக்க நடக்க முழங்காலில் இடிக்கும், கம்பி விரலை அறுக்கும். குடத்தின் வயிறு இடுப்புக்கு மேலே உள்ள வளைவில் தானாகப் போய் உட்காரும். முழங்கையை மடித்துக் கழுத்தைச் சுற்றினால், விரிந்த வாய் முன்கையின் மேல் தங்கும். கை ஓய்ந்தாலும் குடம் நழுவாது. பாரம் இடுப்பில் இறங்கிவிடும், கைக்கு அணைத்துக்கொள்ளும் வேலை மட்டும்தான். இன்னொரு கை சும்மா இருக்கும். அதில் பிள்ளை, வாளி, ஏதாவது ஒன்று.

சிந்துவதைச் சொன்னீர்கள். வாளித் தண்ணீர் அலைந்து அலைந்து வீடு வருவதற்குள் கால்வாசி தெருவில் போய்விடும். குடத்தில் அலை எழும்பினால் உள்பக்கம் சாய்ந்த தோளில் முட்டித் திரும்ப உள்ளேயே விழும். கழுத்துவரை நிரப்பிவிட்டால் ஆடுவதற்கு மேலே இடமே இருக்காது. நிறைகுடம் தளும்பாது என்பதைப் பெரியவர்கள் எந்த அர்த்தத்தில் சொன்னார்களோ, எனக்கு அது கழுத்தின் வேலை.

கோடையில் ஆற்று மணலில் ஊற்றுத் தோண்டி எடுப்போம். சிரட்டையால் கோரிக் கோரிக் குடத்தில் விட வேண்டும். குடத்தின் வாயில் பழைய வேட்டித் துணியைப் போட்டுக் கழுத்தில் இறுக்கிக் கட்டுவோம். வாய் வெளியே விரிந்திருப்பதால் கட்டு உருவிக்கொண்டு வராது. கேனின் சின்ன வாயில் சிரட்டையை எப்படிக் கவிழ்ப்பது, துணியை எங்கே கட்டுவது? கிணற்றில் இறக்கினால் கயிற்றுச் சுருக்கு விழுவதும் அதே கழுத்தில்தான்.

எங்கள் பக்கத்துத் தண்ணீர் வண்டியைப் பார்த்திருப்பீர்கள். இரும்புக் கம்பியை வளையம் வளையமாக வளைத்து, வளையத்துக்கு ஒரு குடம் இறக்கித் தள்ளிக்கொண்டு போவது. வெல்டிங் பட்டறைக்காரர் கம்பி வளைப்பதற்கு முன் குடத்தின் வயிற்றைத்தான் அளப்பார். சதுரக் குடம் வந்தால் ஊரிலுள்ள வண்டிகளையெல்லாம் பழைய இரும்புக் கடையிலா போடுவது?

நான்காம்_கியர்

இடுப்பு விஷயம் ஒத்துக்கொள்ள வேண்டியதுதான். ஆனால் வண்டி வாதம் எனக்குத்தான் சாதகம். குடம் இருந்ததால் வண்டி அப்படி வந்தது, இப்போது வண்டி இருப்பதால் குடம் மாறக்கூடாது என்றால் அதற்குப் பெயர் பழக்கம் இல்லாமல் என்ன?

அச்சுப்பட்டறை

கோவைப் பக்கம் ப்ளோ மோல்டிங் வேலை. பட்டறையில் நடப்பதையும் கேளுங்கள் தம்பி.

உருகிய பிளாஸ்டிக் ஒரு தடித்த குழாயாக மேலிருந்து இறங்கும். இரண்டு பாதியாக உள்ள அச்சு இருபுறமும் வந்து அதைக் கவ்வும். காற்று ஊதினால் குழாய் உப்பி அச்சின் சுவரில் ஒட்டி ஆறும். அவ்வளவுதான் குடம். கவிழ்த்து அடியைப் பார்த்தால் நடுவில் ஒரு தழும்புக்கோடு ஓடும், அது குழாயின் வாலை அச்சு கவ்விய இடம். பக்கவாட்டில் மேலிருந்து கீழே மெல்லிய கோடு ஒன்று தெரியும், அது அச்சின் இரு பாதிகளும் சேர்ந்த இடம்.

இந்த வேலைக்கு உருண்டை ரொம்ப இணக்கம். குழாய் எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி விரியும், சுவரின் கனம் ஓரளவு சீராக வரும். சதுரம் என்றால் மூலைவரை போக பிளாஸ்டிக் கூடுதலாக இழுபட வேண்டும். மூலை மெலியும், கீழே விழுந்தால் முதலில் பிளப்பது அங்கேதான். மூலையைக் காப்பாற்ற மொத்த எடையையும் ஏற்ற வேண்டியிருக்கும். எங்களுக்கு எடைதான் விலை. கடைக்காரர் குடத்தைக் கையில் வாங்கியதும் ஒருமுறை தூக்கிப் பார்ப்பார், அப்புறம்தான் பேச்சே.

தோளில் ஓடும் கோடுகளைப் பழைய அலங்காரம் என்று எழுதிவிடாதீர்கள். மெல்லிய சுவர் அமுங்காமல் நிற்பது அந்த வளையங்களால்தான். தகட்டுக்கு என்ன வேலை செய்ததோ அதே வேலை. கோடு இல்லாமல் அதே எடையில் ஊதிப் பாருங்கள், நிரம்பிய குடத்தைக் கழுத்தில் பிடித்துத் தூக்கினால் தோள் ஒடுங்கும்.

அதற்காகப் பழக்கமே இல்லை என்றும் சொல்ல மாட்டேன். குட அச்சுக்கு யாரும் வெள்ளைத்தாளில் தொடங்குவதில்லை. சந்தையில் நன்றாக ஓடும் குடம் ஒன்றை வாங்கிவந்து மேஜையில் வைத்து, "இதே மாதிரி, வாய் மட்டும் கொஞ்சம் பெரிசு" என்பார்கள். அச்சுக்குப் போடுவது பெரிய காசு. விற்குமா என்று தெரியாத உருவத்தில் போட யாருக்கும் மனசு வராது.

ஒன்று யோசியுங்கள். வாளியை ஒன்றுக்குள் ஒன்று செருகி லாரியில் ஏற்றலாம், குடத்தை முடியாது. ஒரு லோடு குடம் என்றால் பெரும்பகுதி காற்றுதான். தூரத்திலிருந்து கொண்டுவந்தால் வாடகை கட்டாது, அதனால்தான் எங்களைப் போன்ற உள்ளூர்ப் பட்டறைகள் பிழைக்கின்றன. ஏற்றுகிறவனுக்கும் கடையில் அடுக்குகிறவனுக்கும் இவ்வளவு தொல்லை தரும் உருவம் இன்னும் ஓடுகிறது. வெறும் பழக்கமாக இருந்தால் வியாபாரி என்றைக்கோ மாற்றியிருப்பான்.

நான்காம்_கியர்

லாரி வாதம் நன்றாக இருக்கிறது. திறந்த வாய்க்கு மட்டும் இன்னும் யாரும் சரியாகப் பதில் சொல்லவில்லை. தூசி, கொசு, அழுக்குக் கை?

ஓய்வுபெற்ற_ஆய்வாளர்

சுகாதாரத் துறையில் வேலை பார்த்தவன். வாய்க்கு நான் வருகிறேன்.

குழாயில் நல்லபடியாக வந்த தண்ணீர் வீட்டுக்குள் வந்து கெடுவது சாதாரணமாக நடப்பது. அகன்ற வாய் என்றால் டம்ளரை விட்டு மொள்வார்கள், டம்ளரோடு விரலும் போகும். 1980களில் கொல்கத்தாவின் குடிசைப் பகுதிகளில், காலரா நோயாளி இருந்த வீடுகளில் ஓர் ஆய்வு நடந்தது. சில வீடுகளுக்குத் தண்ணீரில் போடக் குளோரின் கொடுத்தார்கள். சில வீடுகளுக்குச் "சொராய்" என்று அங்கே சொல்லும் கழுத்து குறுகிய கூஜா. அதில் கை உள்ளே போகாது, சாய்த்து ஊற்றத்தான் முடியும். கூஜா வாங்கிய வீடுகளில், எதுவும் கொடுக்காத வீடுகளைவிடத் தொற்று பரவுவது வெகுவாகக் குறைந்தது. ஆக உங்கள் குடத்தின் வாயைக் குறுக்கச் சொல்லி நானே மனுப் போடலாம்.

ஆனால் கடலாடிக்காரி சொன்ன துணியையும் மறக்க முடியாது. நரம்புச் சிலந்தி நோய் நினைவிருக்கிறதா? காலில் கொப்புளம் வந்து அதிலிருந்து முழ நீளப் புழு வெளிவரும். அந்தப் புழுவின் குஞ்சைச் சுமப்பது சைக்ளோப்ஸ் எனும் நுண்ணிய நீர்ப்பூச்சி. துணியில் வடித்தால் அது மேலேயே நின்றுவிடும். குடத்தின் வாயில் துணி கட்டி வடிகட்டுங்கள் என்று ஊர் ஊராகச் சொன்னது அந்த நோய் ஒழிப்புத் திட்டத்தின் முக்கியமான வேலைகளில் ஒன்று. இந்தியாவில் கடைசி நோயாளி 1996இல். நாடு விடுபட்டதென்று உலக சுகாதார நிறுவனம் 2000இல் சான்று தந்தது.

துணி கட்ட வாய் அகலமாக வேண்டும். காலராவைத் தடுக்க வாய் குறுகலாக வேண்டும். பாத்திரம் ஒன்றுதான்.

கடலாடிக்காரி

ஐயா சொல்வது சரி. ஆனால் வாயைக் குறுக்கினால் கழுவுவது எப்படி? எங்கள் தண்ணீர் உப்பு. உள்ளே வெள்ளை வெள்ளையாகப் படியும், அதன்மேல் பாசி. கையை விட்டுத் தேங்காய் நாரால் தேய்த்தால்தான் போகும். கடையில் குடம் எடுக்கும்போது என் மாமியார் நிறம் பார்ப்பதற்கு முன் வாய்க்குள் கையை விட்டு அடியைத் தொட்டுப் பார்ப்பார். வளையல் விளிம்பில் தட்டினால் அந்தக் குடம் திரும்ப அலமாரிக்குப் போய்விடும்.

ஓய்வுபெற்ற_ஆய்வாளர்

அதனால்தான் எடுக்கும் பாத்திரம் வேறு, குடிக்க வைக்கும் பாத்திரம் வேறு என்று சொல்வோம். குடத்தில் கொண்டுவந்து, அடியில் குழாய் வைத்த மூடியுள்ள பாத்திரத்தில் ஊற்றிவிட வேண்டும். எல்லா வேலையையும் குடத்தின் தலையில் கட்டக்கூடாது.

வளவுக்_கிணறு

யாழ்ப்பாணத்திலிருந்து எழுதுகிறேன். எங்கட பக்கம் கிணறு பெரும்பாலும் வீட்டு வளவுக்குள்ளேயே இருக்கும். தண்ணீரைத் தூரம் சுமக்கிற வேலை குறைவு, அள்ளி ஊற்றுகிற வேலைதான் கூட. அதற்கு வாளி காணும். குடத்தை இடுப்பில் வைத்துக் கனதூரம் நடக்கிற ஆட்களைச் சின்ன வயதில் நான் பெரிதாகக் கண்டதில்லை.

தோட்டத்துக்கு இறைக்கத் துலா இருந்தது. பழைய ஆட்கள் துலாக்கயிற்றில் கட்டியது பனையோலைப் பட்டை. ஓலையை மடித்துக் கட்டினால் நடு அகன்று, இரண்டு பக்கமும் கூம்பி வரும். அந்த உருவத்தை யாரும் உட்கார்ந்து யோசித்திருக்க மாட்டார்கள், ஓலை எப்படி மடிய விடுமோ அப்படி மடிந்தது. ஆனால் வேலைக்கு எவ்வளவு பொருத்தம் பாருங்கோ. பாரமில்லை, கிணற்றுக்கட்டில் அடிபட்டாலும் பிழையில்லை, தண்ணீரில் பட்டவுடன் சரிந்து நிரம்பும். கிழிந்தால் இன்னொரு ஓலை. தகர வாளி வந்தபிறகு சத்தமும் பாரமும் கூடினதாக அப்பா சொல்லுவார்.

பயன் முதலில், வடிவம் பின்னால் என்று வரிசை போடுகிறீர்கள் தம்பி. இங்கே ஓலைதான் முதலில் வந்தது.

பழம்பாத்திரம்

எல்லோரும் பித்தளையிலிருந்து தொடங்குகிறீர்கள். மண்குடத்துக்குப் போங்கள்.

குயவர் சக்கரத்தில் ஏற்றுவது வாயையும் கழுத்தையும் தோளையும்தான். அடி அப்போது உருவாகியிருக்காது. கொஞ்சம் உலர்ந்த பிறகு உள்ளே ஒரு கல்லைப் பிடித்துக்கொண்டு, வெளியே மரப்பலகையால் தட்டித் தட்டி அடியை இழுத்து மூடி உருட்டுவார். தட்டத் தட்ட மண் இறுகும், சுவர் மெலியும். உருண்டை அடியில் மூலை கிடையாது, அதனால் சூளையில் வெடிப்பது குறைவு. பானையானால் மூன்று கல் அடுப்பில் நன்றாக உட்காரும். மண் தரையில் சின்னப் பள்ளம் போதும், இல்லாவிட்டால் பிரிமணை. தலையில் வைத்தால் சும்மாடு.

வீட்டுக்குள் சிமெண்டுத் தரை வந்ததும் அந்த அடி உருள ஆரம்பித்தது. பித்தளையில் அடி சற்றுத் தட்டையானது, பிளாஸ்டிக்கில் முழுத் தட்டை. ஆகவே "உருவம் நகரவில்லை" என்பதை உங்கள் கட்டுரையில் எழுதாதீர்கள் வரைபலகை. உடம்பைத் தொடும் மேல்பாதி நகரவில்லை. தரையைத் தொடும் கீழ்பாதி, தரை மாறியதும் மாறிவிட்டது.

எவர்சில்வர் குடத்தின் வயிற்றில் விரலை ஓட்டிப் பாருங்கள், சிலவற்றில் சுற்றிலும் ஒரு ஒட்டு தட்டுப்படும். மேல்பாதி, கீழ்பாதி தனித்தனியாக அழுத்தி எடுத்து ஒட்டிப் பாலிஷ் போட்டது. வயிறு அகலமான இடத்தில் ஒட்டினால்தான் இரண்டு பாதியையும் அச்சிலிருந்து உருவ முடியும். மண்ணில் தட்டி வந்த உருவம், தகட்டில் வெட்டி ஒட்டி வந்தது, இப்போது ஊதி வருகிறது. செய்யும் வழி ஒவ்வொரு முறையும் வேறு.

பயனைத் தண்ணீரோடு நிறுத்தவும் வேண்டாம். பித்தளைக் குடம் சீர்வரிசையில் வரும், பெயர் வெட்டியிருக்கும், கஷ்டகாலத்தில் அடகுக்குப் போகும், நசுங்கினாலும் எடைக்கு விலை உண்டு. பிளாஸ்டிக் குடத்தை எந்த அடகுக்கடைக்காரர் வாங்குவார்? உருவத்தை அப்படியே எடுத்துக்கொண்டு இந்த வேலைகளையெல்லாம் கழற்றிவிட்டது பிளாஸ்டிக்.

சார்ல்ஸ் ஈம்ஸ், ரே ஈம்ஸ் என்ற அமெரிக்க வடிவமைப்பாளர் தம்பதி இந்திய அரசு அழைத்து வந்து 1958இல் ஓர் அறிக்கை எழுதினார்கள். நம் செம்பை, அவர்கள் எழுதியபடி லோட்டாவை, தலையில் தூக்கிவைத்துக் கொண்டாடியிருப்பார்கள். எனக்குப் பிடித்தது பாராட்டு இல்லை, கூடவே வரும் கேள்விகள். எவ்வளவு திரவம் சுமக்க வேண்டும், தலையிலா இடுப்பிலா கையிலா வண்டியிலா, நிறைந்தபோதும் காலியானபோதும் சமநிலை எப்படி, ஊற்றும்போது மட்டுமில்லாமல் நிரப்பும்போதும் கழுவும்போதும் வாய் எப்படி வேலை செய்யும், தரையில் வைத்தால் என்ன சத்தம், கடைசியில் பழைய விலைக்கு என்ன கிடைக்கும் என்றெல்லாம் நீளும். கடலாடிக்காரியின் மாமியார் வளையலை வைத்துக் கேட்பதும் அதில் ஒரு கேள்விதான். அந்த அறிக்கையைத் தொடர்ந்துதான் 1961இல் ஆமதாபாத்தில் தேசிய வடிவமைப்பு நிறுவனம் வந்தது. உங்கள் ஆசிரியர்களிடம் கேளுங்கள், வைத்திருப்பார்கள்.

நாஞ்சில்_காற்று

வில்லுப்பாட்டில் வில்லைத் தாங்குவதும் குடம்தான். வாயில் மட்டையால் தட்டினால் வரும் அந்தக் 'கும்' சத்தம் பிளாஸ்டிக்கில் வருமா? மானாமதுரைக் கடத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள், அதுவும்

மட்டுறுத்துநர்

கடம், வில்லுப்பாட்டுப் பேச்சை இசைப் பகுதிக்கு நகர்த்தியிருக்கிறேன். அங்கே ஏற்கெனவே சண்டை நடந்துகொண்டிருக்கிறது. இங்கே தண்ணீரோடு நிற்போம்.

வடபழனி_வாசி

சென்னைக் கணக்கு ஒன்று இருக்கிறது. 2019 கோடையில் பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் எல்லாம் வறண்டு கிடந்தபோது எங்கள் தெருவுக்கு லாரித் தண்ணீர். வீட்டுக்கு இத்தனை குடம் என்று பேச்சு. அங்கே குடம் பாத்திரம் மட்டும் இல்லை, அளவையும் அதுதான். ஒருவர் வழக்கத்தைவிடப் பெரிய குடம் கொண்டுவந்தார் என்று ஒரு மணி நேரச் சண்டை. எல்லோருடைய குடமும் கிட்டத்தட்ட ஒரே அளவு, ஒரே உருவம் என்பதால்தான் பார்த்தவுடன் கணக்கு ஒத்துக்கொள்ளப்படுகிறது. புது உருவத்தில் ஒன்று வந்தால் அதில் எவ்வளவு பிடிக்கும் என்று யாருக்குத் தெரியும்?

அப்புறம், வரிசையில் ஆள் நிற்பதில்லை, குடம் நிற்கும். விடியற்காலையில் குடத்தை வைத்துவிட்டு வீட்டுக்குப் போய் வேலையைப் பார்ப்போம். லாரிச் சத்தம் கேட்டால் ஓடிவருவோம். பச்சை, ஆரஞ்சு, நீலம் என்று கண்ணைப் பறிக்கும் நிறங்களுக்கு அந்த நேரத்தில் அர்த்தம் தெரியும். ஒரே நிறம் இரண்டு வந்தால் கழுத்தில் ரிப்பன், இல்லை நெயில் பாலிஷ் புள்ளி. காற்றடித்தால் காலிக் குடம் உருண்டு ஓடும், அதற்கு உள்ளே ஒரு செம்பு தண்ணீர் விட்டு வைக்க வேண்டும். உருண்டை வயிற்றை வைத்தவர் இதை யோசிக்கவில்லை!

நான்காம்_கியர்

அப்படியானால் 20 லிட்டர் தண்ணீர் கேன் எப்படி வந்தது? அது குடம் மாதிரி இல்லையே, மக்கள் ஏற்றுக்கொண்டார்களே. தென்னாப்பிரிக்காவில் 1991இல் செய்த ஹிப்போ ரோலரும் இருக்கிறது. 90 லிட்டர் பிடிக்கும் டிரம்மைப் படுக்கவைத்துக் கைப்பிடியால் தள்ளிக்கொண்டே போகலாம், தூக்கவே வேண்டாம். மாற வேண்டிய அவசியம் வந்தால் உருவம் மாறும்.

வடபழனி_வாசி

கேனைச் சுமப்பது யார் என்று பாருங்கள். வண்டியில் கொண்டுவந்து, தோளில் ஏற்றி, மூன்று மாடி ஏறுகிற கேன்காரத் தம்பி. தோளில் படுக்கவைத்து ஒரு கையால் கழுத்தைப் பிடிக்கிற உருவம் அது. நாம் அதைத் தூக்குவது ஸ்டாண்டில் கவிழ்க்கிற ஒரு நிமிஷம்தான், அதற்கே முதுகு பிடித்துக்கொள்கிறது. சுற்றிலும் ஓடும் பட்டைகள், மேலே முத்திரை போட்ட மூடி எல்லாம் கம்பெனிக்கும் வண்டிக்கும் வேண்டியவை. இடுப்பிலிருந்து தோளுக்கு, வீட்டுப் பெண்ணிடமிருந்து கூலிக்குச் சுமக்கும் ஆளுக்கு வேலை போனது. உருவமும் கூடவே போனது. தண்ணீர் மாறவில்லை, 20 லிட்டர் 20 கிலோதான்.

கடலாடிக்காரி

ஹிப்போ ரோலரைப் படத்தில் பார்த்தேன், ஆசையாகத்தான் இருக்கிறது. ஆனால் எங்கள் ஊற்றில் 90 லிட்டர் கோரி முடிப்பதற்குள் பின்னால் நிற்கிறவர்கள் என்னை உள்ளே தள்ளிவிடுவார்கள். ஊற்று ஊற ஊறத்தான் எடுக்க முடியும். ஒரு குடம் எடுத்ததும் தள்ளி நின்று அடுத்தவருக்கு விட வேண்டும், அதுதான் ஊர் வழக்கம். நிரம்பிய டிரம்மை வீட்டு வாசலில் யார் சாய்ப்பது? குடமென்றால் பன்னிரண்டு வயதுப் பெண்பிள்ளையும் தூக்குவாள். அது நல்லது என்று சொல்லவில்லை, தூக்குகிறாள் என்பதைச் சொல்கிறேன்.

அச்சுப்பட்டறை

எங்கள் வட்டாரத்தில்தான் 1970களில் இந்தியா மார்க் 2 கைப்பம்பைச் சோதித்தார்கள். நெம்புகோலுக்கும் உள்ளே இறங்கும் கம்பிக்கும் நடுவில் ஒரு சங்கிலி வைத்து, கம்பி ஆடாமல் நேராக ஏறி இறங்கும்படி செய்த பம்பு. அடித்துப் பழகியவர்களுக்குத் தெரியும், அதன் மூக்குக்குக் கீழே குடம் நிற்க அளவாக இடம் இருக்கும். தெருக்குழாய்த் திட்டும் அப்படித்தான் கட்டுகிறார்கள். குடத்தை மாற்ற நினைக்கிறவர் ஊரிலுள்ள திட்டுகளையும் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும்.

வரைபலகை

எல்லோருக்கும் நன்றி. இவ்வளவு வரும் என்று எதிர்பார்க்கவில்லை. பழக்கமா பயனா என்று கேட்டதே சரியான பிரிப்பு இல்லை போலிருக்கிறது. வண்டி வளையம், குழாய்த் திட்டு, லாரிக் கணக்கு எல்லாம் பழக்கமும்தான், பயனும்தான்.

ஒரு வரைவு போட்டிருக்கிறேன். வயிறு அதே அளவு, அதனால் வண்டியில் இறங்கும். வாய் கொஞ்சம் குறுகல், அழுத்தினால் மூடிக்கொள்ளும் மூடி. தோளில் எதிரெதிராக இரண்டு கைப்பிடிகள். கடலாடிக்காரி அக்கா, அச்சுப்பட்டறை அண்ணன், பார்த்துச் சொல்லுங்கள்.

கடலாடிக்காரி

மூடி நல்லது, ஆனால் ஒரு கயிற்றில் கட்டிவிடுங்கள், இல்லாவிட்டால் முதல் வாரமே தொலையும். கைப்பிடி வேண்டாம். இடுப்பில் வைத்தால் விலாவில் குத்தும். எந்தப் பக்கம் குத்தாது என்று திருப்பித் திருப்பிப் பார்க்க அங்கே நேரம் கிடையாது. குடத்துக்கு முன்பக்கம் பின்பக்கம் இல்லாததுதான் அதன் சௌகரியம். எப்படி இழுத்தாலும், எப்படி வைத்தாலும், இருட்டில் தடவி எடுத்தாலும் ஒன்றுதான்.

மாற்றித்தான் ஆக வேண்டுமென்றால் விளிம்பை மாற்றுங்கள். பிளாஸ்டிக் குடத்தில் வாயை அறுத்த இடம் கூராக நிற்கும். முன்கையில் கோடு கோடாக விழும், வெயில் காலத்தில் வியர்வை பட்டால் எரியும். வாங்கிவந்ததும் கத்தியால் சுரண்டுவோம், அப்படியும் போகாது. பித்தளையில் வாயைச் சுருட்டி மடித்திருப்பார்கள், கையை ஒன்றும் செய்யாது. எல்லாவற்றையும் நகலெடுத்தவர்கள் அதை மட்டும் விட்டுவிட்டார்கள்.

அச்சுப்பட்டறை

அது எங்கள் பக்கத்துக் குறைதான். ஊதி முடித்ததும் வாய்க்கு மேலே மிச்சம் நிற்கும் பிளாஸ்டிக்கைக் கத்தியால் சுற்றி அறுப்போம். தேய்த்து மழுக்க ஓர் ஆள் வேண்டும், அந்தக் கூலியை விலையில் ஏற்ற முடிவதில்லை.

ஆனால் அச்சிலேயே சரிசெய்ய வழி இருக்கிறது. விளிம்பை வெளியே ஒரு வளைவு கொடுத்து, அங்கிருந்து மறுபடி உள்பக்கமாகத் திருப்பிவிட்டால் அறுக்கும் இடம் வாயின் உள்வட்டத்துக்குப் போய்விடும். முன்கை தொடுவது மழமழப்பான வளைவை மட்டும். எடை சற்று ஏறும், வாய் அந்த அளவுக்குக் குறுகும். தம்பி, கைப்பிடியை எடுத்துவிட்டு இந்த விளிம்பை வரைந்து அனுப்புங்கள். உள்வட்டம் எத்தனை அங்குலம் என்பதை மட்டும் நீங்களாகப் போடாதீர்கள். அக்கா வீட்டு வளையலை அளந்து சொல்லட்டும்.